கிண்ணம் வருகிற வரிசை

இந்த ஊரில் ஆண்டவருக்கும் குளிரும் போலிருக்கிறது, பீடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஹீட்டரை வைத்திருக்கிறார்கள், ஐயரம்மா ஜெபம் வாசித்து நிறுத்துகிற இடத்திலெல்லாம் அது ஆமென் சொல்வதுபோல ஒரு இருமல் இருமுகிறது. ஐயரம்மா என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம், அவர் வீட்டம்மாவை ஐயரம்மா என்போம். இங்கே அங்கி மாட்டிக்கொண்டு பீடத்தில் நிற்பதே ஒரு பெண், அவள் புருஷன் வெளியே தூறலில் நின்று கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருக்கிறான், அவனை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று வந்த நாளிலிருந்து யோசித்துப் பார்த்துக் களைத்து விட்டுவிட்டேன். களைப்புக்கு இப்போதெல்லாம் காரணம் வேண்டியதில்லை. கால் விரல்கள் ஜில்லிட்டுப் போயின. ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். யோசித்துக் கழற்றவில்லை, கோயில் வாசலைக் கண்டதும் ஆயுசு பூராவும் கால் தானாகச் செய்கிற காரியம், மூன்று வாரம் கவனமாக இருந்தேன், இன்றைக்கு மனசு எங்கோ இருந்தது, கால் தன் வேலையைப் பார்த்துவிட்டது. எங்கள் ஆறுதல்புரத்தில் செருப்போடு கோயிலுக்குள் நுழைந்தவர்கள் இரண்டே பேர், ஒருவன் திருடன், இன்னொருவன் அவனைத் துரத்தி வந்த போலீஸ்காரன், அந்த வருஷமே இரண்டு பேருக்கும் பல் பூராவும் கொட்டிப்போனது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். திருடன் வந்தது உண்மை. பின் பெஞ்சில் பேத்தியின் தள்ளுவண்டியோடு உட்கார்ந்திருக்கிற என் மகள் எப்சிபா முதல் பாட்டு முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள், முன்னால் குனிந்து, "அப்பா, ஷூ எங்க?" என்றாள். "வாசல்ல." "கழத்திட்டியளா? இங்க யாரும் கழத்த மாட்டாவப்பா." "இங்கிலாந்துக் கோயில்னா ஆண்டவர் வேற ஆளா?" "மெதுவா பேசுங்க. காலுறைல ஓட்ட இருக்கு, குதிகால் வெளிய தெரியுது." தெரியட்டும். இந்தக் கோயிலில் கறுப்பாக இருப்பது நானும் எப்சியும் தள்ளுவண்டியில் தூங்குகிற அந்தச் சின்னதும்தான், முகம் ஏற்கெனவே தெரிந்துகொண்டிருக்கிறது, குதிகாலும் தெரிந்துவிட்டுப் போகட்டும். ஆனாலும் காலை இழுத்து பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு மத்தியானம் எப்சிக்குப் பதில் சொல்லவேண்டும். திரும்பிப் போகிற டிக்கெட்டை மாற்றுவதென்றால் இன்றைக்குள் மாற்றவேண்டுமாம். "பூட்டுன வீட்டத் திறந்து உள்ள போயி தனியா என்ன செய்யப் போறிய? அம்மா இருந்தாலாவது சரி. இங்கயே இருந்திருங்கப்பா" என்று சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்கிறாள், கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கரண்டியைப் பார்க்கிறாள், பூரணம் அப்படித்தான் பார்ப்பாள். பூரணம் என் வீட்டுக்காரி. போன வருஷம் லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலத்தில், போய்ச் சேர்ந்தாள். என்ன பதில் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை, அதனால் ராத்திரி படுக்கையில் ஆண்டவரோடு ஒரு பந்தயம் வைத்தேன். அவரோடு பேசி வெகுகாலம் ஆகிறது, பேச்சு மட்டும் நின்றிருந்தது, பந்தயம் வைக்கப் பேச்சுவார்த்தை வேண்டியதில்லையே. ஈரம் விழுகிறதா பார்க்கலாம் என்று ராத்திரி ஆட்டுத்தோலை வெளியே போட்டு அவரைச் சோதித்த ஆள் வேதத்தில் இருக்கிறான், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் ஆட்டுத்தோல் இதுதான்: இன்றைக்கு அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நற்கருணைக்குப் போவேன். கிண்ணத்தில் குடிப்பேன். என்னை அடுத்துக் கிண்ணம் வாங்குகிறவர் தயங்காமல் குடித்தால் இந்த ஊரிலேயே இருந்துவிடுகிறேன். துடைக்கிறது, முகத்தைச் சுளிக்கிறது, அப்பத்தை நுனியில் தொட்டு நனைத்துக்கொண்டு நழுவுகிறது என்று ஏதாவது நடந்தால் பெட்டியைக் கட்டுகிறேன். என்னை அடுத்து வரப்போவது யார் என்பதிலும் சந்தேகமில்லை. இந்தப் பெஞ்சில் நடைபாதை ஓரமாக ஹாரல்ட், ஆடு மேய்த்து ஓய்ந்த கிழவர், நடுவில் நான், எனக்கு இந்தப் பக்கம் டோரத்தி. பெஞ்சு பெஞ்சாக எழுந்து போகிறார்கள், அதே வரிசையில் முழங்கால் போடுகிறார்கள். ஹாரல்ட், நான், டோரத்தி. டோரத்தி குடிக்கவேண்டும்.

டோரத்தி முதல் ஞாயிற்றுக்கிழமை கைப்பையை நகர்த்தினாள். நான் உட்கார வந்தபோது பை பெஞ்சில் இருந்தது, எடுத்துத் தன் மறுபக்கம் வைத்துக்கொண்டாள். எனக்கு இடம் விட்டாளா, என்னிடமிருந்து பையைக் காத்தாளா? நாலு பேர் உட்காருகிற பெஞ்சு, பை இருந்தால்கூட இடம் இருந்தது. ஆனால் நான் கோட்டு போட்டிருந்தேன், மருமகனின் கோட்டு, அதற்குள் என்னைப்போல இரண்டு பேர் இருக்கலாம், அந்தக் கோட்டுக்கு இடம் வேண்டும் என்று நினைத்திருக்கலாம். இப்படியே மூன்று வாரமாக அந்தப் பையை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் முந்தி, சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில், கையுறையோடு கை கொடுத்தாள். குளிர். எல்லோருக்கும் கையுறையோடுதான் கொடுத்தாளா? பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் ஹாரல்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார், கையா அது, பனைமட்டை, குலுக்கி முடித்துவிட்டு அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார், அதற்குள் டோரத்தி உட்கார்ந்துவிட்டாள்.

என் வாய்தான் எனக்குச் சத்துரு. இரண்டாம் வாரம் ஆராதனை முடிந்து காப்பி கொடுக்கும்போது டோரத்தி என்னிடம், நீங்கள் எப்போது கிறிஸ்தவரானீர்கள் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். என் பூட்டன் காலத்திலிருந்து கோயிலுக்கு நெல் அளந்த குடும்பம், என் தாத்தா உபதேசியார், நான் ஞானஸ்நானம் பெற்ற தொட்டியில் என் அப்பா ஞானஸ்நானம் பெற்றவர். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த பஸ் கண்டக்டர் இங்கிலீஷில் எங்கே தொடங்குவது? "போன செவ்வாய்க்கிழமை" என்று சொன்னேன். எங்கள் ஊரென்றால் இதற்கு ஒரு சிரிப்பு வரும், "ஓய், செவ்வாயா புதனா, சரியா சொல்லும்வோய்" என்று ஒருத்தன் எடுத்துக் கொடுப்பான், நான் அதற்குமேல் ஒன்று போடுவேன். டோரத்தி சிரிக்கவில்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தாள், அடுத்த வாரம் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கான சின்னப் புத்தகம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள், பக்கத்துக்குப் பக்கம் ஆட்டுக்குட்டி. ஹாரல்ட் இன்னும் மோசம். உங்கள் ஊரில் பாம்பு உண்டா என்று கேட்டார். உண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடிக்காது என்றேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார். எங்கள் கோயில் மணியை ஓங்கி அடித்தால் இலங்கையில் நாய் குரைக்கும் என்றேன், எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். நம்புகிறவர்களிடம் கதை சொல்வதைப் போல அலுப்பு வேறெதிலும் இல்லை. ஒரு பொய்யைச் சொன்னால் அதைப் பொய் என்று தெரிந்துகொண்டு, தெரிந்தும் வாயைப் பிளந்து கேட்க ஆள் வேண்டும், அந்த ஆள் இருக்கிற இடம்தான் சொந்த ஊர், இங்கே நான் என்ன சொன்னாலும் அது என் நிறத்தோடு ஒட்டிக்கொண்டு உண்மையாகிவிடுகிறது. இப்போது டோரத்தியின் கணக்கில் நான் போன செவ்வாய்க்கிழமைக் கிறிஸ்தவன். அவனுக்குக் கிண்ணம் உண்டா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருக்கலாம். பூரணம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள், "கோயிலுக்குள்ளயுமா உங்க வாயி?" என்பாள்.

கிண்ணம் எப்படியெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். ஆறுதல்புரம் கோயிலில் ஒரே ஒரு வெள்ளிக் கிண்ணம், பந்திக்கு மேலத்தெரு முதலில் போகும், கீழத்தெரு பிறகு போகும். எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை, எந்த ஐயரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, மேலத்தெரு முன் பாய்களில் உட்காரும், அதனால் முதலில் எழுந்திருக்கும், அவ்வளவுதானே என்பார்கள். நாங்கள் சீக்கிரம் வந்து முன் பாயில் உட்கார்ந்தால் என்ன என்று என் அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். அவர் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் சிந்தின ரத்தம் ஒன்றுதான், அதில் மேலத்தெருவுக்குச் சந்தேகமே கிடையாது, எச்சில்தான் வேறே. கீழத்தெரு வாய் வைத்த கிண்ணம் மேலத்தெரு வாய்க்குப் போய்விடக்கூடாது, வரிசையின் சூட்சுமம் அது. பிறகு எனக்குப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. அந்த நாளில் டிக்கெட் கட்டு கட்டாக, தகடு போல ஒட்டிக்கொண்டிருக்கும், பெருவிரலை நாக்கில் ஒரு தொடு, கட்டில் ஒரு தொடு, சர்ரென்று கிழித்தால்தான் வரும். மேலத்தெரு சாமுவேல் வாத்தியார், கோயிலில் முதல் பாயில் முதல் ஆள், வாரத்தில் இரண்டு நாள் என் பஸ்ஸில் வருவார். இரண்டு கையிலும் பை இருக்கும். நான் எச்சில் தொட்டுக் கிழித்துக் கொடுக்கிற டிக்கெட்டை வாங்கி, வைக்க இடமில்லாமல், உதட்டில் கவ்விக்கொள்வார். ஊர் வந்து இறங்குகிற வரைக்கும் கவ்விக்கொண்டே இருப்பார். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றுக்குள் ஒரு கோயில் மணி அடிக்கும். வாத்தியார் வருகிற அன்றைக்கு மட்டும் நாக்கில் இரண்டு தொடு. இந்த ஜில்லாவில் என் எச்சில் படாத குடும்பம் கிடையாது, கலெக்டர் வீட்டு வேலைக்காரி முதற்கொண்டு, என்று ரிட்டையர் ஆன அன்றைக்குப் பேசினேன், டிப்போவே சிரித்தது. பூரணம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மேலத்தெருக்காரி.

ஐயரம்மா கையை விரித்து நீண்ட ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள். இங்கிலீஷ்தான், ஆனாலும் எந்த இடத்தில் என்ன என்று தெரிகிறது, ராத்திரியில் பஸ்ஸின் வெளிச்சம் போய்விட்டாலும் வளைவை வைத்தே ஸ்டாப்பைச் சொல்லிவிடுவேன், அதுபோல. இருதயங்களை உயர்த்தச் சொல்கிற இடம் போய்விட்டது, பரிசுத்தர் என்று மூன்று தடவை வருகிற இடம் வரப்போகிறது. ஆறுதல்புரத்தில் பூரணம் அன்றைக்கு முதல் பந்தியில் எழுந்திருக்கவில்லை. திடப்படுத்தல் முடிந்து அவளுக்கு முதல் நற்கருணை, பதினெட்டு வயது இருக்கும், வெள்ளைச் சேலை, மேலத்தெருப் பெண்களெல்லாம் எழுந்து போகிறார்கள், இவள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள், பாட்டுப் புத்தகத்தைத் தவறவிட்டவள் போல. அவர்கள் போய் வந்து உட்கார்ந்த பிறகு எங்களோடு எழுந்து வருகிறாள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் சந்திக்கிற இடத்தில் கடைசி ஆண் நான், முதல் பெண் அவள். ஐயர் எனக்குக் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்தார், எல்லோருக்கும் துடைப்பதுதான், துடைத்துவிட்டு, நான் வாய் வைத்த இடம் அந்தப் பக்கம் போகிறமாதிரி கிண்ணத்தை நன்றாகவே திருப்பினார். அவள் கையை நீட்டினாள். ஒரு விரலால் கிண்ணத்தின் அடியைத் தொட்டு, திருப்பின கிண்ணத்தைப் பழையபடி திருப்பி, நான் குடித்த இடத்தில் குடித்தாள். இதை நான் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை சொல்லும்போது மின்னல் வெட்டும், ஒரு தடவை ஐயர் மயங்கி விழுவார், ஆனால் அந்த ஒரு விரலில் மட்டும் நான் கை வைத்ததில்லை. கல்யாணத்துக்கு மேலத்தெருவிலிருந்து யாரும் வரவில்லை. வேறு ஊர்க் கோயிலில் நடந்தது. அதற்குப் பிறகு அவள் ஆயுசு பூராவும் இரண்டாம் பந்திதான், எனக்கு அந்தப் பக்கம்தான், எனக்குப் பின்னால்தான். "ஏன் திருப்பின?" என்று கேட்டால், முதல் வருஷம் கேட்டாலும் சரி, தலை நரைத்த பிறகு கேட்டாலும் சரி, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொல்வாள், "வழுக்கிச்சு. பிடிச்சேன். அம்புட்டுதான்." நான் ஒன்றுமில்லாததிலிருந்து ஊரையே கட்டுகிறவன், இவள் கையில் ஒரு மலை இருக்கிறது, அதைப் பிடுங்கி வீசிவிட்டு வழுக்கிச்சு என்கிறாள். ஒருவேளை நிஜமாகவே வழுக்கிற்றோ? இந்தக் கேள்வியில் வந்து நிற்கும்போதெல்லாம் பயமாக இருக்கும். அது வழுக்கினதாக இருந்தால் என் முழு ஜீவியமும் ஒரு ஈரக் கிண்ணத்தில் நடந்த விபத்து. இப்போது கேட்க ஆள் இல்லை. இருந்தாலும் அதையேதான் சொல்வாள்.

ஜன்னல் கண்ணாடியில் ஆண்டவர் நிற்கிறார், தங்க நிறத் தாடி, அசல் இந்த ஊர் தபால்காரன் ஜாடை. எங்கள் கோயிலிலும் இதே முகம்தான், கீழே தமிழில் வசனம். அவரைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டோம், ஒருத்தராவது நீர் எந்த ஊர், எப்போது வந்தீர், எப்போது போவீர் என்று கேட்டதில்லை. நிஜத்தில் அவர் என் நிறத்துக்கு ரொம்பத் தள்ளி இருந்திருக்கமாட்டார் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் அவருக்கும் டோரத்தி பையை நகர்த்துவாள். எதற்காக நகர்த்துவாள்? பாரு, மறுபடியும் பை. இந்தக் கோயிலிலிருந்து, இல்லையென்றால் இதைப்போல ஒன்றிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறி வந்த ஒரு துரைதான் எங்களுக்கு ஒரே கிண்ணத்தைக் கொடுத்தான், வரிசையை நாங்களே போட்டுக்கொண்டோம், அவனும் கண்டுகொள்ளவில்லை. இங்கே வந்து பார்த்தால் முக்கால்வாசி பெஞ்சு காலி, வரிசை போட ஆளே இல்லை. ஆண்டவர்பேரில் எனக்குக் கோபமா என்று எப்சி கேட்டாள். கோபத்துக்குத் தெம்பு வேண்டும். சின்ன வயதில் அவரிடம் நிறைய பேசினேன், பஸ் பிரேக் பிடிக்காத அன்றைக்கெல்லாம் பேசினேன், அவருக்கு என் பொய்யெல்லாம் தெரியும், தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன், ஒருவேளை அதற்குப் பெயர்தான் விசுவாசமோ என்னவோ. பிறகு ஆஸ்பத்திரி. ஐயர் சின்னப் பெட்டியில் எல்லாம் கொண்டுவந்தார். பூரணத்துக்கு விழுங்க முடியவில்லை, அப்பத்தைத் துளியாகக் கிள்ளி நாக்கில் வைத்தார், சின்னக் கிண்ணத்தை உதட்டில் சாய்த்தார், ரசம் பாதி வாய்க்குள், பாதி கிண்ணத்திலேயே திரும்பிவிட்டது. பிறகு என் பக்கம் நீட்டினார். அன்றைக்குத்தான் அவள் எனக்கு முன்னால் குடித்தாள். நான் அவளுக்குப் பின்னால் குடித்தேன். அத்தோடு சரி. அதற்குப் பிறகு கிண்ணத்தில் நான் வாய் வைக்கவில்லை, ஊரில் ஐயர் கேட்டார், எப்சி கேட்டாள், முழங்கால் வலி என்றேன், எல்லோரும் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் கடைசியாக என் உதட்டில் பட்டது அவள் எச்சில். அதன்மேல் வேறொருத்தர் எச்சில் படவேண்டாம் என்று இருந்தேன். இதைப் போய் யாரிடம் சொல்வது, கேட்டால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள், நான் சொன்னதிலேயே பொய் கலக்காதது இதுதான், இதைத்தான் நம்பமாட்டார்கள்.

முன் பெஞ்சு எழுந்துவிட்டது. போன வாரம்போல முழங்காலைத் தட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம், டோரத்தி தன் நீளக் கோட்டை ஒதுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போவாள். ஆனால் உள்ளே வரும்போதே ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்து வர முடியாவிட்டால் உங்கள் இடத்துக்கே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவள் இறங்கி வந்து என் முன்னால் நிற்க, மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்க்க, வேண்டாம். ஹாரல்ட் எழுந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நானும் எழுந்தேன், பின்னால் எப்சி மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. கல் தரை. காலுறை வழியாகக் குளிர் ஏறி முழங்காலைத் தேடிப் பிடிக்கிறது. எனக்கு முன்னால் ஹாரல்டின் பெரிய பூட்ஸ், சேறு காய்ந்து ஒட்டின பூட்ஸ், டக் டக் என்று போகிறது, என் கால் சத்தமே போடவில்லை, திருடன் நடக்கிறமாதிரி நடக்கிறேன். கோட்டு வேறே தரையைப் பெருக்குகிறது. ஒரு சின்னப் பிள்ளை என் காலைப் பார்த்துவிட்டுத் தன் தாயின் கையை இழுக்கிறது, தாய் பார்க்காதே என்று கண்ணைக் காட்டுகிறாள், காட்டிவிட்டு அவளே பார்க்கிறாள். பார்க்கட்டும். பின்னால் டோரத்தி வருகிறாளா? திரும்பிப் பார்க்கக்கூடாது. செருப்புச் சத்தம் கேட்கிறது, மெல்லிய சத்தம், அவள்தான். கிராதி பக்கம் மெத்தை போட்டிருக்கிறார்கள், அதில் பூ வேலை, ஹாரல்ட் கிராதியைப் பிடித்துக்கொண்டு மாடு படுக்கிறமாதிரி முன்காலை மடக்கி முழங்கால் போடுகிறார். நானும் போடுகிறேன். இப்போது என் இரண்டு பாதமும் கோயிலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, ஓட்டை வழியாகக் குதிகால் சபைக்கு வணக்கம் சொல்கிறது. இடது பக்கம் மெத்தை அமுங்குகிறது. கையுறையைக் கழற்றுகிற சத்தம். கழற்றுகிறாள்! கழற்றினால் குடிப்பாள் என்று அர்த்தமா? அப்பம் வாங்கக் கழற்றித்தானே ஆகவேண்டும். அப்பம் வந்தது, உள்ளங்கையில் காகிதம்போல ஒன்று. ஆமென் என்றேன், தமிழ் ஆமென்தான். வாயில் வைத்ததும் மேலே ஒட்டிக்கொண்டது, பல் செட்டில்.

கிண்ணம் வலது பக்கத்திலிருந்து வருகிறது. ஆண்டவரே, பார்த்துக்கொள்ளும், ஆட்டுத்தோல் வெளியே கிடக்கிறது. ஹாரல்டுக்கு வந்தது. ஹாரல்ட் இரண்டு கையாலும் பிடித்து, மீசையெல்லாம் நனைய, கஞ்சி குடிக்கிறமாதிரி உறிஞ்சிக் குடித்தார். மூக்கு நுனியில் ஒரு சொட்டு. காலையிலிருந்து அங்கேயே தொங்குகிற சொட்டு. அது கிண்ணத்தை எடுக்கும்போது அங்கே இருந்தது, கிண்ணத்தை வைக்கும்போது அங்கே இல்லை. ஐயரம்மா வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தாள். மீசை பட்ட இடத்தில் துணி போய் வந்தது, ஆனாலும் ஈரம் இருக்கிறது, நான் பார்க்கிறேனே, ஈரம் பளபளவென்று இருக்கிறது. கிண்ணத்தை நன்றாகத் திருப்பி என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். துடைத்த, உலர்ந்த, யாரும் வாய் வைக்காத பக்கம். எனக்குள்ளே யாரோ அப்பாடா என்றான். உதடு தானாக அந்தச் சுத்தமான பக்கத்துக்குப் போயிற்று, போன பிறகுதான் அந்த அப்பாடாவின் குரல் எனக்குக் கேட்டது. தெரிந்த குரல். முதல் பாயில் முதல் ஆளின் குரல். யார் எனக்குப் பின்னால் குடிப்பார் என்று ஒரு ஆயுசு கேட்டுக்கொண்டிருந்தவன், யாருக்குப் பின்னால் நான் குடிக்கிறேன் என்று இதுவரை கேட்டதே இல்லை, எனக்கு முன்னால் எப்போதும் கீழத்தெரு, எல்லாம் மாமன் மச்சான், கேட்க அவசியம் வரவில்லை. ஹாரல்ட் எனக்கு யார்? பாம்பு ஞாயிற்றுக்கிழமை கடிக்காது என்றால் நம்புகிற ஒரு கிழவர். பக்கத்தில் அவர் மூச்சு கேட்கிறது, ஈர மூச்சு, ஆட்டு வாடை, அவரும் சீக்கிரம் எழுந்திருக்க முடியாமல் கிராதியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். பூரணம், உனக்கு அன்றைக்குக் குமட்டியதா? நான் அன்றைக்குக் காலையில் வெற்றிலை போட்டிருந்தேனே. ஐயரம்மா காத்திருக்கிறாள், கொடுக்கும்போது சொல்கிற வார்த்தையை இரண்டாம் தடவை சொல்கிறாள். என் விரல் போயிற்று. நான் அனுப்பவில்லை, ஷூவைக் கழற்றின கால்போல அது தானாகப் போயிற்று, கிண்ணத்தின் அடியைத் தொட்டது, வெள்ளி அவ்வளவு குளிராக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, திருப்பிற்று. ஈரமான பக்கம் வந்தது. குடித்தேன். புளிப்பு, அதற்குப் பின்னால் ஒரு இரும்பு ருசி, ஒரு மீசை மயிர்கூட இருந்திருக்கலாம், விழுங்கிவிட்டேன். பல் செட் கிண்ணத்தில் பட்டு டிங் என்றது. ஐயரம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். உதடு ஈரமாக இருக்கிறது. அங்கே இருந்த பூரணத்தின் எச்சில் போய்விட்டதா? தேடிப் பார்த்தேன். போனமாதிரி இல்லை. அடியில் கிடக்கிறமாதிரிதான் இருக்கிறது.

பிறகுதான் நினைவு வந்தது, டோரத்தி! சட்டென்று இடது பக்கம் திரும்பினேன். கிண்ணம் அவளைத் தாண்டி நாலாவது ஆளிடம் போய்விட்டது. டோரத்தி புறங்கையால் வாயை ஒற்றிக்கொண்டிருக்கிறாள். குடித்துவிட்டு ஒற்றுகிறாளா, அப்பத்தை நனைத்துத் தின்றுவிட்டு ஒற்றுகிறாளா, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், முகத்தில் ஒன்றும் எழுதியில்லை. மூன்று வாரம் பையை நகர்த்தி நகர்த்திப் பந்தயம் கட்டி ஆட்டுத்தோலை வெளியே போட்டுவிட்டு, ஈரமா உலர்ந்ததா என்று பார்க்கவேண்டிய ஒரு நொடியில் நான் வேறெங்கோ இருந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. ஆண்டவரே, நீர் பலே ஆள்வோய். வெகுகாலத்துக்குப் பிறகு அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான், கோயிலில் சொல்கிற வார்த்தையா அது, அவருக்குப் பழக்கம்தான். எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் வரவில்லை. ஹாரல்டுக்கும் வரவில்லை. இரண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, யார் யாரைத் தூக்குகிறார் என்று தெரியாமல் ஒருவழியாக எழுந்தோம், எழுந்ததும் அவர் குனிந்து என் காலைப் பார்த்து, குளிரவில்லையா என்று கேட்டார். எங்கள் ஊரில் குதிகாலுக்குத் தனியாக வெயில் அடிக்கும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குளிருகிறது என்றேன். அப்போதுதான் மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். டோரத்தி வந்து பையை எடுத்து இடுப்புக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள், வைத்தால் வைக்கட்டும், அவள் பை. கால் மரத்துவிட்டது, ஹீட்டர் இருமுகிறது, எனக்கு இப்போதே படுத்துத் தூங்கவேண்டும்போல இருக்கிறது. பின்னாலிருந்து எப்சி குனிந்தாள். அவள் கன்னம் என் காதில் பட்டது, ஈரமாக இருந்தது. "அப்பா, முழங்கால் எப்படி இருக்கு?" "இருக்கு. ஏட்டி, அந்த டிக்கெட்டத் தள்ளிப் போடு." "எவ்வளவு நாளைக்கு?" "அது தெரியாது. நாளைக்குக் கடைக்குப் போனா நல்ல பெரிய கைக்குட்டையா ரெண்டு வாங்கு, இந்த ஹாரல்டுக்குக் கொடுக்கணும். அடுத்த தடவையும் இவருக்குப் பக்கத்துலதான் முழங்கால் போடணும் போல இருக்கு." எப்சி தள்ளுவண்டியை இரண்டு தடவை ஆட்டிவிட்டாள். பிறகு இன்னும் பக்கத்தில் குனிந்து, அவள் தாயின் குரலில், "ஏம்ப்பா, அங்க கிண்ணத்த எதுக்குத் திருப்புனிய?" என்றாள். அந்தக் கேள்விக்கு ஆயுசு பூராவும் நான் வைத்திருந்த பதில்கள், மின்னலும் மயங்கி விழுகிற ஐயரும் எல்லாம், வரிசையாக எழுந்து நின்றன. நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னேன்.

"வழுக்கிச்சு. பிடிச்சேன். அம்புட்டுதான்."